எதைத் தட்டுவது, எதை வாசிப்பது: தமிழ் நிரல் பாடங்களில் நிரல் சொல்லைப் பிரித்துக் காட்டும் வழி

தக்கலைப் பக்கம் ஒரு டீச்சர் கேட்டிருக்கும் கேள்வி இது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழில் பைத்தான் என்ற நிரல்மொழிக்குப் பாடம் எழுதி இணையத்தில் போடுகிறார். நிரல் எப்படி ஓடுகிறது என்பது பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஆனால் ‘இப்படி எழுதுங்கள்’ என்று பாடத்தில் வரும் வரியைப் படித்துவிட்டு, அதில் எந்த எழுத்தைத் தட்டுவது, எது வெறும் பேச்சு என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்களாம். நிரல் சொல்லைத் தடித்த எழுத்தில் போடுவதா, மேற்கோளுக்குள் வைப்பதா, வண்ணம் கொடுப்பதா? ‘ஐ’, ‘இல்’, ‘க்கு’ எல்லாம் எங்கே ஒட்டுவது? ஏற்கெனவே எழுதிப் போட்ட நாற்பது பாடங்களை என்ன செய்வது?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன் டீச்சர். பிள்ளை தட்ட வேண்டிய எதுவும் பேக்டிக் குறிக்குள் (ஒற்றை மேற்கோள் போன்ற சாய்ந்த சிறு கோடு) போகட்டும். உருபு குறிக்கு வெளியே நிற்கட்டும். அதைவிட நல்லது, நிரல் சொல்லில் உருபையே ஒட்டாமல், பின்னால் ‘மாறி’ (ஒரு மதிப்புக்கு நாம் வைக்கும் பெயர்), ‘செயற்கூறு’ (ஒரு வேலையைச் செய்து தரும் கட்டளை), ‘கோப்பு’ என்று ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு அதில் ஒட்டுவது. தடித்த எழுத்து பட்டன் பெயர்களுக்கு மட்டும். வண்ணத்தை விட்டுவிடலாம்: நகலெடுத்தால் போய்விடும், சில கண்களுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான், போனில் இருட்டுத் திரை வைத்திருக்கும் பிள்ளைக்கு உங்கள் கருநீலம் தெரியவே தெரியாது.

இன்னொன்று. இந்தப் பதிலில் பிரிண்ட், இன்புட் போன்ற பைத்தான் சொற்களையும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், வாசிப்பு தடைபடாமல் இருக்க. உங்கள் பாடத்தில் அவை ஆங்கில எழுத்திலேயே, சிறிய எழுத்து பெரிய எழுத்து மாறாமல் வர வேண்டும். மாறிகளின் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேன். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும் என்பது உங்களுக்கும் தெரியும்.

நாகர்கோவில் வடசேரியில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது நான் எழுதிய முதல் பாடத்தில் இப்படி ஒரு வரி இருந்தது:

முதலில் எழுத வேண்டியது மொத்தம் = 0.

ஒரு பையன் அதை அப்படியே தட்டினான், முற்றுப்புள்ளியும் சேர்த்து. பைத்தான் சண்டை போடவில்லை. அதற்கு `0.` என்பதும் ஒரு எண்தான், தசம எண். அதோடு 12, 8 என்று கூட்டிக்கொண்டே போனதும் திரையில் 20 வருவதற்குப் பதில் 20.0 வந்தது. “சார், நீங்க சொன்னத அப்படியேதான் அடிச்சேன். பின்ன எதுக்கு பாயிண்டு சைபர் வருது?” என்று கேட்டான். நான் அவனுடைய லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை, அரை மணி நேரம் புரட்டிப் பார்த்தேன். பிழை அவன் நிரலில் இல்லை, என் வாக்கியத்தின் வாலில் இருந்தது. பிழைச்செய்தி வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பேன், வராததுதான் வினை.

அந்த வரியை ‘முதலில் எழுத வேண்டியது `மொத்தம் = 0`.’ என்று எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. குறிக்கு உள்ளே இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்ட வேண்டியது. வெளியே இருக்கும் புள்ளி என்னுடையது. பக்கத்தில் பார்க்கும்போது குறி மறைந்து, உள்ளே இருப்பது ஒரு சாம்பல் பெட்டியில் தெரியும். முதல் பாடத்தின் முதல் பத்தியிலேயே இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: ‘சாம்பல் பெட்டிக்குள் இருப்பதைத் தட்டு, ஒரு புள்ளி கூடவோ குறையவோ கூடாது.’ சொன்னபின் நீங்களும் அதை மீறக் கூடாது. ஒரு இடத்தில் அழகுக்காக ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லை அந்தப் பெட்டிக்குள் போட்டீர்கள் என்றால், அதையும் தட்டிவிட்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

பேக்டிக் குறி எங்கே இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். கணினி விசைப்பலகையில் எஸ்கேப் விசைக்குக் கீழே, 1-க்கு இடப்பக்கம், அலைக்கோடு இருக்கும் அதே விசை. பல போன்களில் குறிகளின் இரண்டாவது பக்கத்தில் ஒளிந்திருக்கும். 2004-இல் ஜான் குரூபர் மார்க்டவுன் என்ற எழுத்துமுறையை வெளியிட்டபோது, நிரல் சொல்லை இந்தக் குறிக்குள் எழுதும் வழக்கத்தை அதில் வைத்தார். இன்று பாடம் எழுதும் தளங்களில் பெரும்பாலானவை இதைப் புரிந்துகொள்கின்றன. அடியில் அது, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் ‘கோட்’ என்ற குறிச்சொல்லாக மாறிவிடுகிறது. வாட்ஸ்அப்பிலும் ஒற்றை பேக்டிக் வேலை செய்யும். ஆனால் பாடப் பக்கத்திலிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஒட்டும்போது சாம்பல் பெட்டி கூடவே வராது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் பாடத்தைப் படிப்பதே அப்படி யாரோ அனுப்பியதைத்தான். ஆகவே குறி தொலைந்து போனாலும் வாக்கியம் புரிய வேண்டும். இனிமேல் சொல்லப்போகும் பாதி விஷயங்களுக்குக் காரணம் இதுதான்.

சரி, உருபுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் கனமான பகுதி இதுதான். ஆங்கிலத்தில் பாடம் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அங்கே சொல் எந்த இடத்தில் வந்தாலும் உருமாறாமல் நிற்கும். நம்மிடம் சொல் வேற்றுமை ஏற்கும்போது ஆளே மாறிவிடுகிறது. பழம் பழத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும், மொத்தம் மொத்தத்தில் ஆகும். எண் என்பதில் ஐ சேர்த்தால் எண்ணை. ‘எண்ணை ஊற்று’ என்று ஒரு பையன் வகுப்பில் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு பாடத்தில் வாழைப்பழங்களை வைத்து உதாரணம் எழுதியிருந்தேன். இந்த மாவட்டத்தில் அது வசதி. மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி என்று எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் கிடைக்கும், பிள்ளைகளுக்கு விளக்கவும் வேண்டாம்.

```
பழம் = "மட்டி"
பிரிண்ட்(பழம்)
```

அடுத்த படியாக நான் எழுதியது: ‘இப்போது பழத்தை செந்துளுவன் என்று மாற்றிப் பார்க்கவும்.’ குலசேகரத்திலிருந்து படித்த ஒரு பிள்ளை தட்டியது இது:

```
பழம் = "மட்டி"
பழத்தை = "செந்துளுவன்"
பிரிண்ட்(பழம்)
```

திரையில் மறுபடியும் மட்டி. பைத்தானில் பிழை எதுவும் இல்லை. `பழத்தை` என்று புதிதாக ஒரு மாறி பிறந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை செய்ததில் என்ன தவறு? நான் எழுதியிருந்த சொல்லைத்தான் தட்டியது.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகளை நான் முயன்று பார்த்திருக்கிறேன். முதலாவது, குறியை மூடிவிட்டு உருபை ஒட்டுவது: `பழம்`ஐ. பார்க்க அசிங்கம், வாசிக்கவும் நாக்கு இடறும். குறி தொலைந்தால் ‘பழம்ஐ’ என்று ஆகிவிடும். இரண்டாவது, நடுவில் ஒரு சிறுகோடு: `பழம்`-ஐ. பத்திரிகைகளில் ஆங்கிலச் சுருக்கங்களுக்கு இப்படிப் போடுகிறார்கள், அதனால் கண்ணுக்குப் பழக்கம்தான். ஆனால் நிரலில் அந்தக் கோடு கழித்தல் குறி. வாட்ஸ்அப்பில் ஒட்டியபின் ‘மொத்தம்-ஐ’ என்று நின்றால், மொத்தத்திலிருந்து `ஐ` என்ற ஏதோ ஒன்றைக் கழிக்கச் சொல்கிறேன் என்றுதான் பைத்தான் எடுத்துக்கொள்ளும். `ஐ` என்று ஒரு மாறி இல்லையே என்று முறையிடும்.

மூன்றாவதுதான் நிலைத்தது. நிரல் சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அது என்ன வகை என்பதைப் பக்கத்தில் சொல்லி, அந்த வகைச் சொல்லில் உருபை ஏற்றுவது. `பழம்` மாறியை, `பிரிண்ட்()` செயற்கூறுக்கு, `"மட்டி"` என்ற சரத்தில் (சரம் என்றால் மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்). எழுவாயாக வந்தாலும் இதே முறைதான்: ‘`மொத்தம்` என்ற மாறி இப்போது 20.’ வாக்கியம் கொஞ்சம் நீளும். நீளட்டும். உருபுப் பிரச்சினை தீர்வதோடு இன்னொரு லாபமும் உண்டு. தொடக்க நிலைப் பிள்ளைக்கு ஒரு சொல்லைப் பார்த்ததும் அது நாம் வைத்த பெயரா, பைத்தான் வைத்த பெயரா, வெறும் தரவா என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வகையைச் சொல்லிக்கொண்டே வந்தால் பத்துப் பாடத்தில் தானாகப் படிந்துவிடும். பார்வையற்ற பிள்ளை திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும்போது சாம்பல் பெட்டி இருப்பதை அந்தக் குரல் பெரும்பாலும் சொல்லாது. ‘பழம் மாறியை’ என்று காதில் விழுந்தால் போதும், பிடித்துக்கொள்ளும்.

புணர்ச்சியையும் இதே பார்வையில் பாருங்கள். ‘`பழம்` மாறியைப் பார்’ என்பதில் வரும் ப் வெளியே நிற்கிறது, தொல்லை இல்லை. ‘`விலை`ப் பட்டியல்’ என்று எழுதினால் அந்த ப் யாருடையது என்று பிள்ளை யோசிக்கும். இலக்கணம் அறிந்தவர்களுக்கு ஒற்று மிகாமல் விடக் கை வராது, எனக்கும் வராது. வகைச் சொல் நடுவில் வந்தால் ஒற்றை அதன் தலையில் கட்டிவிடலாம்.

வகைச் சொல்லுக்கு எந்தத் தமிழ் என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலில் மாறி, சரம், செயற்கூறு என்று இருக்கிறது. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைத்தான் திறக்கப் போகிறார்கள் என்பதால் நான் அதையே பிடித்துக்கொண்டேன். ‘ஃபங்ஷன்’ என்றும் எழுதலாம், தப்பில்லை. ஆனால் நம் ஊரில் ஃபங்ஷன் என்றால் சாப்பாடு உண்டு. எதை எடுத்தாலும் ஒரே சொல்லாக இருக்கட்டும். மூன்றாம் பாடத்தில் செயற்கூறு, ஐந்தில் செயல்பாடு, ஏழில் ஃபங்ஷன் என்று வந்தால் பிள்ளை மூன்றும் வேறு வேறு என்று நினைத்துக்கொள்ளும்.

செயற்கூறின் பெயர் வரும் இடத்தில் அடைப்பையும் சேர்த்து `பிரிண்ட்()` என்று எழுதுவது என் வழக்கம். அடைப்பு இருந்தால் செயற்கூறு, இல்லாவிட்டால் மாறி என்று கண்ணே பிரித்துக்கொள்ளும்.

‘பண்ணு’ என்று ஒரு வில்லன் இருக்கிறான். ‘மொத்தத்தை பிரிண்ட் பண்ணவும்’, ‘பெயரை இன்புட் பண்ணவும்’, ‘ரிட்டர்ன் பண்ணவும்’. பேச்சில் நாம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். எழுத்தில் வந்தால், அங்கே பிரிண்ட் என்பது தட்ட வேண்டிய சொல்லா, செய்ய வேண்டிய காரியமா? ஒரு பையனின் அப்பா உண்மையாகவே கேட்டார், “சார், பிரிண்டர் வாங்கணுமா?” என்று. காரியத்தைச் சொல்வதானால் தமிழில் சொல்லுங்கள்: திரையில் காட்டுங்கள், பயனரிடம் கேட்டு வாங்குங்கள், திருப்பி அனுப்புங்கள். தட்ட வேண்டியதைச் சொல்வதானால் குறிக்குள் முழுசாக எழுதுங்கள்: ‘`பிரிண்ட்(மொத்தம்)` என்று எழுதுங்கள்.’ ஒரு படியில் இரண்டும் தேவைப்பட்டால், முதலில் என்ன நடக்க வேண்டும் என்பது, அப்புறம் அதற்கு எதை எழுதுவது என்பது.

மேற்கோளுக்குள் நிரல் சொல்லைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம், ஏனென்றால் மேற்கோளே நிரலின் பகுதி. ‘"பழம்" என்று எழுதுங்கள்’ என்றால், மேற்கோளோடு தட்டுவதா, இல்லாமலா? மேற்கோளோடு தட்டினால் அது சரம், இல்லாமல் தட்டினால் மாறி. `பிரிண்ட்("பழம்")` பழம் என்ற சொல்லைக் காட்டும், `பிரிண்ட்(பழம்)` மட்டி என்று காட்டும். பைத்தான் கற்கும் முதல் வாரத்தில் பிள்ளை புரிந்துகொள்ள வேண்டிய மிகப் பெரிய வித்தியாசம் இதுதான். அதை அறிவுறுத்தலே குழப்பக் கூடாது.

மேற்கோளில் இன்னொரு பொறி இருக்கிறது, உங்கள் நாற்பது பாடத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம். கடிதம் தட்டும் மென்பொருளில் பாடம் எழுதினால், நேரான மேற்கோளை அது தானாக வளைத்து அழகாக்கிவிடும். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கணினிக்கு நேரான குறி 34-ஆம் எண் எழுத்து. வளைந்தவை 8220-உம் 8221-உம். பைத்தானுக்கு வளைந்தது என்ன என்றே தெரியாது, செல்லாத எழுத்து என்று நிறுத்திவிடும். பிள்ளை நகலெடுத்து ஒட்டியிருக்கும், எழுத்துப் பிழை ஒன்றும் இருக்காது, ஓடவும் செய்யாது. அதே மென்பொருள் இரண்டு சிறுகோடுகளைச் சேர்த்து ஒரு நீளக் கோடாக்கும்; வரியின் தொடக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த பிரிண்டின் முதல் எழுத்தைப் பெரியதாக்கும். போன் விசைப்பலகையும் இந்தக் கடைசி உபகாரத்தைச் செய்யும். பைத்தானின் சிறப்புச் சொற்களில் ட்ரூ, ஃபால்ஸ், நன் மூன்றுக்கு மட்டும்தான் முதல் எழுத்து பெரியது. மற்றது எதிலும் பெரிய எழுத்து கிடையாது. பாடத்தை நோட்பேட் மாதிரி ஒரு வெறும் எழுதியில் எழுதுங்கள், இந்த அழகுபடுத்தல் எல்லாம் அங்கே வராது.

குறி போடாமல் விட்டால் நிரல் சொல் தனியாகத் தெரியாது என்பது மட்டுமல்ல, சில நேரம் காணாமலே போகும். மார்க்டவுனில் நட்சத்திரக் குறிக்கும் அடிக்கோட்டுக்கும் வேறு வேலை உண்டு. ‘5*4*3 எவ்வளவு என்று பாருங்கள்’ என்று எழுதி, பேக்டிக் போட மறந்தால், நடுவில் உள்ள 4 சாய்வாகி, நட்சத்திரங்கள் மறைந்து, பிள்ளையின் திரையில் 543 என்று நிற்கும். 60 வர வேண்டிய கணக்கு. இரண்டு பக்கமும் இரட்டை அடிக்கோடு உள்ள `__இனிட்__` போன்ற பெயரில் கோடுகள் போய்ச் சொல் தடித்து நிற்கும். எச்டிஎம்எல் பாடத்தில் இன்னும் மோசம். கோணக் குறிக்குள் எழுதிய குறிச்சொல்லை உலாவி தனக்கு வந்த கட்டளை என்று எடுத்துக்கொள்ளும், வாக்கியத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ‘பக்கத்தின் தொடக்கத்தில்    என்ற குறிச்சொல்லைச் சேர்க்கவும்’ என்று ஒரு வரியைப் பிள்ளைகள் எப்படித்தான் படித்தார்களோ. நான் எழுதியதுதான்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது. நிரலுக்குச் சம அகல எழுத்துரு போடுவது வழக்கம். ஆங்கிலச் சொல் அதில் தட்டச்சுப் பொறி எழுத்துப் போல நின்று, பார்த்ததும் தெரியும். அந்த எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழ் கிடையாது. ர-வும் ணௌ-வும் ஒரே அகலத்தில் அடங்குமா? ஆகவே உலாவி வேறு ஏதோ ஒரு சாதாரணத் தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். `பழம்` குறிக்குள் இருந்தாலும் வெளியே உள்ள பழம் போலவேதான் இருக்கும். இன்னும் ஒரு கொசுறு: சம அகல எழுத்தை உலாவிகள் வழக்கமாக 16-க்குப் பதில் 13 அளவில் காட்டும். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும், தமிழ் சுருங்கிப்போய் ஒற்றின் புள்ளியே தெரியாது. நிரலில் புள்ளி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனவே தளத்தை அமைப்பவரிடம் மூன்று கேளுங்கள்: நிரல் சொல்லுக்கு வெளிர் சாம்பல் பின்னணி, சுற்றி ஒரு மெல்லிய கோடு, எழுத்தின் அளவு மற்ற எழுத்தின் அளவே. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் இரண்டு மூன்று வரி வேலைதான். கூடவே ர-வும் துணைக்காலும் வேறு வேறாகத் தெரியும் எழுத்துரு கிடைத்தால் இன்னும் நல்லது. `மரம்` என்பதில் நடுவில் ர-வுக்குப் பதில் துணைக்காலைப் போட்டுவிட்டு ‘சரியாத்தான் இருக்கு’ என்று அடம்பிடித்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் பாடம் எழுதினால் இந்தச் சிக்கல் உச்சத்துக்குப் போகும். முத்து அண்ணாமலை உருவாக்கிய அந்த மொழியில் திரையில் காட்ட `பதிப்பி`, நிபந்தனைக்கு `ஆனால்`, அது பொருந்தாதபோது `இல்லை`, முடிக்க `முடி`. எல்லாம் நாம் தினமும் பேசும் சொற்கள். ‘ஆனால் இல்லை இல்லையென்றால் முடி போதும்’ என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள், நமக்கே தலை சுற்றும். ‘`ஆனால்` கூற்றில் `இல்லை` பகுதி இல்லையென்றால் `முடி` மட்டும் போதும்’ என்றால் புரிகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இந்தத் தொல்லையோடுதான் எப்போதும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு ஃபார், இஃப், இன் எல்லாம் சாதாரணப் பேச்சுச் சொல். நமக்கு எழுத்து வேறாக இருப்பதால் ஓரளவு தப்பிக்கிறோம்.

இத்தனையும் சொன்னபின், எல்லாவற்றையும் குறிக்குள் போட்டுவிடாதீர்கள். பைத்தான், எச்டிஎம்எல் என்பவை மொழிகளின் பெயர்கள், அவற்றை யாரும் தட்டப் போவதில்லை. லூப், மாறி, சரம் என்பவை கருத்துகள். `ஃபார்` லூப் என்று எழுதும்போது ஃபார் மட்டும் குறிக்குள். எண்கள் நிரலில் வரும்போது குறி வேண்டும், ‘மொத்தம் 3 படிகள்’ என்பதற்கு வேண்டாம். ஐயம் வந்தால் கேட்டுக்கொள்ள ஒரே கேள்வி: இதைப் பிள்ளை இப்படியே தட்டுமா, அல்லது திரையில் இப்படியே பார்க்குமா? இரண்டும் இல்லை என்றால் குறி வேண்டாம். ஒரு பத்தியில் இருபது சாம்பல் பெட்டி இருந்தால் பக்கம் அம்மை போட்டது போல இருக்கும், எது முக்கியம் என்றே தெரியாது. அப்படி ஆனால் பத்தியை உடைத்து, நிரலைத் தனிப் பெட்டியாகக் கீழே இறக்குங்கள்.

தனிப் பெட்டி என்பது மூன்று பேக்டிக் போட்டுத் தொடங்கி மூன்று போட்டு முடிப்பது. ஒரு வரிக்கு மேல் போனாலோ, வரியின் தொடக்கத்தில் இடைவெளி முக்கியம் என்றாலோ அதுதான் வழி. பைத்தானில் லூப்புக்கு உள்ளே நான்கு இடைவெளி விட்டு எழுதுவது மரபு. வாக்கியத்துக்கு நடுவில் அதைக் காட்டவே முடியாது. நிரலைப் படம் பிடித்துப் போடுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நகலெடுக்க முடியாது, போனில் விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும், திரைவாசிப்பானுக்கு அது ஊமை.

நிரல் தரும் பதிலையும் பிழைச்செய்தியையும் வேறு பெட்டியில் வைத்து, மேலே ‘திரையில் வருவது’ என்று எழுதுங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் பதிலையும் சேர்த்துத் தட்டுவார்கள். பிழைச்செய்தியை மொழிபெயர்க்காமல் ஆங்கிலத்திலேயே வைத்து, விளக்கத்தைக் கீழே தமிழில் கொடுங்கள். பிள்ளை தன் திரையில் உள்ளதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது.

இடம்பிடிக்கும் சொற்கள் இன்னொரு கண்ணி. `பெயர் = "உங்கள் பெயர்"` என்று நான் எழுதியிருந்தேன். அன்றைக்கு வகுப்பில் பாதித் திரைகளில் ‘வணக்கம் உங்கள் பெயர்’ என்று நின்றது. சாம்பல் பெட்டிக்குள் இருப்பதை அப்படியே தட்டு என்று நானே சொல்லியிருக்கிறேன், யாரைக் குறை சொல்வது? இப்போது உண்மையான ஒரு பெயரைப் போட்டுவிட்டு, வெளியே சொல்கிறேன்: ‘`"மேரி"` என்ற சரத்துக்குப் பதில் உன் பெயரை எழுது, மேற்கோள்கள் இரண்டும் இருக்கட்டும்.’

தடித்த எழுத்தைப் பட்டனுக்கும் பட்டியலுக்கும் ஒதுக்கிவிட்டால் அதுவும் ஒரு மொழியாகிவிடும். தடித்திருந்தால் தொடு, பெட்டியில் இருந்தால் தட்டு. எண்டர், கண்ட்ரோல் போன்ற விசைகளுக்கு எச்டிஎம்எல்லில் தனிக் குறிச்சொல்லே உண்டு. தளம் அனுமதித்தால் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ‘எண்டர் விசையை அழுத்து’ என்று சாதாரணமாக எழுதினால் போதும்.

மேலே சொன்ன அந்த வாழைப்பழப் பாடத்தின் படி இப்போது இப்படி இருக்கிறது. பழையது:

இப்போது பழத்தை செந்துளுவன் என்று மாற்றி பிரிண்ட் பண்ணி ரன் பண்ணவும்.

புதியது:

முதல் வரியில் `பழம்` மாறியின் மதிப்பு `"மட்டி"` என்று இருக்கிறது. அந்தச் சரத்தை அழித்து, அதே இடத்தில் `"செந்துளுவன்"` என்று எழுது. இரண்டாம் வரியில் உள்ள `பிரிண்ட்(பழம்)` அப்படியே இருக்கட்டும். **ஓட்டு** பட்டனைத் தொடு.

ஒரு வரி நான்காகிவிட்டது. இதை வாட்ஸ்அப்பில் நகலெடுத்து, பெட்டி எல்லாம் தொலைந்தபின் ஒரு பிள்ளையிடம் கொடுத்தேன்; தட்டிவிட்டு “வந்துட்டு சார்” என்றது.

உங்கள் நாற்பது பாடங்களையும் ஒரே மூச்சில் திருத்த உட்காராதீர்கள். முதலில் தேடி மாற்றும் வசதியில் வளைந்த மேற்கோள்களைத் தேடுங்கள். நிரலுக்குள் இருப்பதை நேராக்கினாலே பாதிப் புகார் குறையும். வாக்கியத்தில் வெறும் மேற்கோளாக இருப்பவை வளைந்தே இருக்கட்டும், அதனால் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். இரண்டாவதாக ‘-ஐ’, ‘-இல்’, ‘-க்கு’ என்று சிறுகோடு போட்ட உருபுகள். மூன்றாவதாக ‘பண்ண’ என்று தேடுங்கள். பேக்டிக் போடும் வேலையைக் கடைசியில் வையுங்கள், அதற்குத் தேடல் உதவாது, வரி வரியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். அதையும் முதல் ஐந்து பாடங்களில் தொடங்குங்கள். நடுவில் நின்றுபோன பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் நின்றிருப்பார்கள்.